தளுக்கும் அழுக்கும்

அந்தக் கம்பெனியில் நீராவிக் கப்பல்கள் இரண்டு இருந்தன, பெயர் ஒன்றுதான் இருந்தது. இதுவும் விடிவெள்ளி, அதுவும் விடிவெள்ளி. முதலாளி சின்ன வயதில் யாரையோ காதலித்திருப்பார், அந்த ஞாபகமாகப் பெயர் வைத்திருப்பார் என்றெல்லாம் கற்பனையை ஓடவிட வேண்டாம். காரணம் பீங்கான் தட்டு.

முதல் கப்பல் கட்டி முடிந்தபோது தட்டு, கோப்பை, கம்பளி, வாளி என்று எல்லாவற்றிலும் கப்பல் பெயரைப் போட்டுத் தரச்சொல்லி ஓர் ஆலைக்குச் சொல்லியிருந்தார்கள். ஆலைக்காரன் எந்த ஞாபகத்தில் இருந்தானோ, அத்தனையையும் இரண்டு தடவை அனுப்பிவிட்டான். திருப்பி எடுத்துக்கொள் என்றால், பெயர் போட்ட சாமானை வைத்து நான் என்ன பண்ணுவது என்று கையை விரித்துவிட்டான். முதலாளி தினமும் கிடங்குக்குப் போய்த் தட்டு அடுக்குகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கடைசியில், உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய சரக்குக் கப்பலை அடிமாட்டு விலைக்கு வாங்கி அதற்கும் விடிவெள்ளி என்றே பெயர் வைத்தார். தட்டுக்காகக் கப்பல் வாங்கிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒரே துறைமுகத்தில் ஒரே பெயரை இரண்டு தடவை பதிய முடியாது என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் என்ன, இரண்டாவதை வேறொரு துறைமுகத்தில் பதிந்துவிட்டு வந்தார். முதல் கப்பலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட்டையும் அதற்கே அடித்துத் தீர்த்தார்.

ஒன்று ஆள் ஏற்றியது. மற்றது வெங்காயம், சிமென்ட், மரக்கட்டை, ஆடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றியது. கம்பெனிக்காரர்கள் எத்தனை நாளைக்குத்தான் இந்த விடிவெள்ளி, அந்த விடிவெள்ளி என்று கையை நீட்டி நீட்டிப் பேசுவார்கள்? ஆள் ஏற்றும் கப்பலுக்குத் தளுக்கு என்றும் சரக்குக் கப்பலுக்கு அழுக்கு என்றும் பெயர் விழுந்தது. முதலாளிக்கு இது தெரிந்தபோது வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பெற்ற பிள்ளையை எவனாவது அழுக்கு என்று கூப்பிடுவானா என்று கேட்டார். அவர் காதுபட அந்தப் பெயரைச் சொல்கிறவனுக்கு மறுநாள் வேலை கிடையாது என்று உத்தரவே போட்டார். ஆகவே அவர் இல்லாத இடத்தில் கப்பல்கள் இரண்டாக இருந்தன, அவர் இருக்கும் இடத்தில் ஒன்றாகிவிட்டன.

தளுக்கில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. அழுக்குக்கும் ஒன்று வாங்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, ஒரு பேருக்கு ஒன்று போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இந்தக் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கும் வேலை நம் குமாஸ்தாவுக்கு. கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு ரப்பர் முத்திரை, சுற்றினாலும் காற்று வராத ஒரு மின்விசிறி, தலைக்கு மேல் கப்பல் நிற்கும் இடத்தை எழுதிப்போடும் கரும்பலகை. இதுதான் அவன் ராஜ்யம். சாதுவான ஆள். கோபம் வந்தால் முத்திரையைக் கொஞ்சம் ஓங்கிக் குத்துவான், அவ்வளவுதான்.

அவனுக்கு வாய்த்த மாமனார் ஒரு ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். மனைவியை இழந்தவர். கொஞ்ச காலம் மகன் வீட்டில், கொஞ்ச காலம் மகள் வீட்டில். நடுவில் இருந்தது கடல், ஆகவே தளுக்கில் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இந்தத் தடவை வந்தவர், பருவமே மாறிய பிறகும் கிளம்பவில்லை. வேலையை விட்டாரே தவிர வேலை அவரை விடவில்லை. காலையில் குளியலறை வாசலில் கடிகாரத்தோடு நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் மாப்பிள்ளை எத்தனை நிமிடம் தாமதம் என்று அறிவிப்பார். மத்தியானம் அலுவலகத்துக்கே வந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வார்.

"ரெண்டு கப்பலுக்கு ஒரே பேரு! ரயில்ல இப்படிப் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா, மாப்பிள்ளை? ரெண்டும் மோதியிருக்கும். வண்டிக்கு நம்பர்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்துவான்.

அவரைப் போ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்பான். "மாமா, எப்பக் கிளம்பலாம்னு இருக்கீங்க? அவசரம் ஒண்ணும் இல்ல. முன்னாடியே சொன்னீங்கன்னா ஜன்னல் பக்கமா இடம் போட்டு வைப்பேன்." மகள் அன்பாகவே கேட்பாள். "அண்ணன் வீட்டுக்கு எப்பப்பா போறீங்க? பேரப் பசங்க தேட மாட்டாங்களா?" அங்கே போனால் மகன் கேட்பான், தங்கச்சி வீட்டுக்கு எப்போது திரும்புகிறீர்கள் என்று. ஆளாளுக்கு மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

ஒரு நாள் காலை, டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, மாமனார் வழக்கம்போல மாப்பிள்ளையின் குளியல் தாமதத்தைப் பற்றி வாயைத் திறந்தார். குமாஸ்தாவுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, கோப்பையை நங்கென்று வைத்தான்.

"இது வீடு மாமா, ஜங்ஷன் இல்ல. உங்க கொடியையும் விசிலையும் உங்க பையன் வீட்டுல போய்க் காட்டுங்க."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமனார் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு ஒரு டிக்கெட் போடுங்க, மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் ஒரு கூத்து நடந்தது. தளுக்கு எப்போதும் முதல் மேடையில் நிற்கும். அழுக்கு மூன்றாம் மேடையில், கிடங்குக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே நாளில் கரையில் நிற்காதபடி பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு அழுக்கு கொதிகலன் ரிப்பேரால் தங்கிப்போயிற்று, மூன்றாம் மேடையின் பளுதூக்கியும் மக்கர் பண்ணிற்று. அதனால் அழுக்கைக் கொண்டுவந்து முதல் மேடையில் கட்டி, தளுக்கை மூன்றாவதுக்குத் தள்ளிவிட்டார்கள்.

குமாஸ்தா கரும்பலகையில் இதை எழுத ஸ்டூலின் மேல் ஏறினான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி! எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்க்க இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டார். குமாஸ்தா எச்சிலை விழுங்கிக்கொண்டு எழுதினான்: விடிவெள்ளி, முதல் மேடை. விடிவெள்ளி, மூன்றாம் மேடை.

"பிரமாதம்" என்றார் முதலாளி.

அதைப் படித்த பயணிகள் திருதிருவென்று விழித்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமனார் பெட்டியோடு ஜன்னலுக்கு வந்தார்.

"எந்த மேடை?"

முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார். தளுக்கு என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் தீர்ந்தது, சொன்னால் வேலையும் தீர்ந்தது. பதற்றத்தில் குமாஸ்தாவின் வாய், இத்தனை காலமும் சொல்லிப் பழகியதைத் தானாகச் சொன்னது. "முதல் மேடை, மாமா."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே நாலைந்து குடும்பங்களும் போயின. கொஞ்ச நேரத்தில் அந்தக் குடும்பங்கள் எல்லாம் திரும்பி ஓடிவந்தன. "யோவ், அங்க ஆடு ஏறுதுய்யா!" என்று ஒருவர் கத்தினார். முதலாளி அதற்குள் உள்ளே போயிருந்தார். குமாஸ்தா நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் மூன்றாம் மேடைக்குத் திருப்பிவிட்டான். தள்ளுமுள்ளுவில் திரும்பி வந்தவர்களில் மாமனார் இருந்தாரா என்று அவன் பார்க்கவில்லை. ஆயுசு பூராவும் வண்டி அனுப்பியவர், அவருக்கா தெரியாது என்று இருந்துவிட்டான்.

அழுக்கு முதலில் கிளம்பியது, தளுக்கு பிறகு.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து சாவகாசமாகக் குளித்தான். பாட்டுக்கூடப் பாடினான். இதைப் பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மச்சானிடமிருந்து தந்தி வந்தது. தளுக்கு வந்துவிட்டது, அப்பா வரவில்லை, எங்கே? குமாஸ்தா மேடைக்கு ஓடிப் பளுதூக்கி மேஸ்திரியைப் பிடித்தான்.

"உங்க மாமனாரா? கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே ஆட்டு மந்தையோட ஏறிப் போனாரே" என்றார் மேஸ்திரி. "நீங்கதான் அனுப்பி வெச்சீங்களோன்னு இருந்துட்டேன்."

அழுக்கு மகன் ஊர்ப் பக்கமே போகாது. நேர் எதிர்த் திசையில், துறைமுகம் துறைமுகமாக நின்று மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும். அது எப்போது எங்கே இருக்கும் என்று கேட்டால் அதன் கேப்டனே யோசிப்பார்.

மனைவி அழுவாள் என்று நினைத்துத்தான் அவன் வீட்டுக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். அவள் அழவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மத்த எல்லாருக்கும் மூணாவது மேடைன்னு வழி சொல்லத் தெரிஞ்சுது. எங்கப்பாவுக்கு மட்டும் முதல் மேடை. அப்படித்தானே?"

"முதலாளி பக்கத்துல நின்னாரும்மா. வாய் தவறிடுச்சு."

"அந்த வாரம்தான் அவரைப் பையன் வீட்டுக்குப் போங்கன்னு கத்தினீங்க. அதுவும் வாய் தவறினதா?"

அவன் கையிலிருந்த தந்தியை நாலாக மடித்தான்.

"வேணும்னே ஆட்டோட ஆடா ஏத்தி அனுப்பிட்டீங்க. அப்பா நல்லபடியா திரும்பி வரணும். நீங்க வேணும்னு பண்ணலைன்னு அவர் வாயால சொல்லணும். அதுவரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க. அவர் வேற மாதிரி சொன்னார்னா, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். தட்டு மேஜைக்கு வரும், பேச்சு வராது. குமாஸ்தா தனியாக உட்கார்ந்து யோசித்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவனுக்கே சத்தியம் பண்ண முடியவில்லை. அவர் போக வேண்டும் என்று மனசு எத்தனை நாள் கேட்டிருக்கிறது! மனசு கேட்டதை வாய் செய்துவிட்டதோ? குளியலறையில் பாடிய பாட்டு அவன் காதிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

அப்படி இருக்கையில் கடலில் புயல் கிளம்பியது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். தளுக்கும் அப்போது வெளியேதான் இருந்தது, அதன் தந்திக் கருவியும் புயலில் வாயை மூடிக்கொண்டது. மனைவி அலுவலகத்துக்கே வந்து, மாமனார் உட்காரும் ஜன்னல் ஓரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். டிக்கெட் வாங்க யாரும் வரவில்லை. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் தந்தி ஆபீஸ் சேவகன் நனைந்துகொண்டே வந்தான். முதலாளி தந்தியைப் பிடுங்கிப் படித்தார். எங்கோ ஒரு துறைமுகத்துக் கம்பெனி ஏஜென்ட் அனுப்பியிருந்தார். "விடிவெள்ளி பத்திரமாகக் கரை சேர்ந்தது."

"அப்பாடா!" என்று முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா."

குமாஸ்தா ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தான். "ஐயா, எந்தக் கப்பல்?"

"அதான் போட்டிருக்கே. விடிவெள்ளி."

"ரெண்டு இருக்குதே, ஐயா."

"நமக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லய்யா!" அவன் குரல் கூரையை முட்டியது. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அலுவலகத்துக்கே அன்றுதான் தெரிந்தது. "ஒண்ணுல என் மாமனார் இருக்காரு! தளுக்கா, அழுக்கா? எனக்கு அது தெரிஞ்சாகணும். தளுக்கா, அழுக்கா?"

முதலாளி வாயைப் பிளந்தார். டீ சொல்லப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். குமாஸ்தா வேலை போனால் போகட்டும் என்று குடையைக்கூட எடுக்காமல் தந்தி ஆபீசுக்கு ஓடினான். அந்த ஏஜென்ட்டுக்கு அவன் அனுப்பிய தந்தியில் இருந்ததே மூன்று சொல்தான். தளுக்கா அழுக்கா சொல்லவும்.

பதில் வந்தபோது தந்தி ஆபீஸ்காரருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "அழுக்கு. பெரியவர் நலம். சமையல்காரனோடு சண்டை போடுகிறார்." தளுக்கும் மறுநாளே பக்கத்துத் துறைமுகத்தில் பத்திரமாக ஒதுங்கிவிட்டது. இத்தனை காலமும் ரகசியமாக வைத்திருந்த அந்தப் பெயர்கள் கடல் பூராவும் தெரியும் என்பது முதலாளிக்குப் பெரிய அடி. அந்த வருத்தத்தில் குமாஸ்தாவை வேலையைவிட்டு நீக்க மறந்துபோனார்.

பதிலைப் படித்ததும் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பேசாமல் இருந்தாள். இன்னும் அப்பாவின் வாய் பாக்கி இருந்தது.

அழுக்கு ஒருவழியாகத் திரும்பி வந்தது. மனைவி மேடையில் நின்றாள். குமாஸ்தா ஏணிப்படியில் தடதடவென்று ஏறினான், என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே.

மேல்தளத்தில் மாமனார் கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. பாதி வெங்காயம் தோலோடு போய்விட்டது. "ஏ ரயிலு, உரிக்கச் சொன்னா செதுக்கித் தள்ளுறியே!" என்று சமையல்காரன் உள்ளேயிருந்து கத்தினான். "சும்மா கிடடா கரிச்சட்டி" என்று இவர் பதிலுக்குக் கத்தினார். இந்த மனிதர் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நான் வாய் தவறி முதல் மேடைன்னு..."

"மாப்பிள்ளை, நான் ஸ்டேஷன் மாஸ்டர். தப்பான வண்டில ஏறுவேனா?"

குமாஸ்தா மனப்பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஆடு கத்துறது எனக்குக் கேக்காதா? எல்லாரும் திரும்பினப்ப நானும் பெட்டியைத் தூக்கினேன். அப்ப இந்தக் கரிச்சட்டி மேலேருந்து, 'பெரியவரே, வர்றீங்களா'ன்னு கேட்டான். சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டான்." அவர் கையிலிருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வர்றீங்களான்னு என்னை யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு, மாப்பிள்ளை. எல்லாரும் எப்பப் போறீங்கன்னுதான் கேக்குறாங்க. உங்க தளுக்குல இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு அனுப்புறப்ப எல்லாம் நான் சரக்குதான். இந்த அழுக்குலதான் பிரயாணியாப் போய்ட்டு வந்தேன்."

ஜன்னல் பக்கமா இடம் போட்டு வைப்பேன் என்று குமாஸ்தா சிரித்துக்கொண்டே எத்தனை தடவை கேட்டிருப்பான்!

"கீழ நிக்கிறாளே, அவகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அவளும் கேட்டிருக்கா. பாசமாத்தான் கேட்டா, ஆனா கேட்டா. தெரிஞ்சா தாங்க மாட்டா. தப்பு உங்க மேலயே இருக்கட்டும்."

"இருக்கட்டும், மாமா" என்றான் அவன். பழியை ஏற்றுக்கொண்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னான்.

மாமனார் பெட்டியை எடுத்துக்கொள்ள, இருவரும் இறங்கி வந்தார்கள். மகள் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"சொல்லுங்கப்பா. இவர் வேணும்னு பண்ணினாரா?"

"வேணும்னா?" மாமனார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "வேணும்னு பண்றதுக்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேணும்மா. உன் புருஷனுக்கு அது எங்க இருக்கு? வாய் தவறின கேஸு. நானும் கண்ணாடி போடாம ஏறிட்டேன். அவ்வளவுதான் விஷயம்."

அவள் சிரிப்பும் அழுகையுமாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இளைச்சுப் போயிட்டீங்களே" என்றாள். அத்தனை நாள் கழித்து வந்த முதல் பேச்சு. குமாஸ்தாவுக்கு உயிர் திரும்பி வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்படியே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அவள் அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டாள். "அண்ணன் தந்தி மேல தந்தி அடிச்சுட்டாருப்பா. அண்ணன் வீட்டுக்கு எப்பப்பா போறீங்க?"

மாமனார் திரும்பி அழுக்கைப் பார்த்தார். அங்கே மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் இல்ல" என்றான் குமாஸ்தா.

"எப்பக் கிடைக்கும்?" என்றாள் அவள்.

"கிடைக்காது."

"என்னங்க இது, தளுக்கு பாதி காலியாத்தானே போகுது?"

"காலியாப் போகட்டும். அவருக்கு எங்கிட்ட டிக்கெட் இல்ல. இனிமே அவரா வந்து கேட்டாத்தான்."

அவளுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தவள், கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இப்படிப் பிடிவாதமாக நின்று அவள் பார்த்ததில்லை. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் கப்பல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தான் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

அவள் அப்பாவின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கப்பா" என்றாள்.